இழுப்பதும் தாங்குவதும்

ஒரு நல்ல காரியத்துக்காக ஒருவன் தன் சக்திக்கு மிஞ்சிய சுமையை ஏற்றுக்கொள்ளலாமா? ஏற்றுக்கொண்டால் அதைத் தியாகம் என்று சொல்வதா, அசட்டுத் துணிச்சல் என்று சொல்வதா? கதை எழுதுகிறவனுக்கு இந்தக் கேள்வி புதிதில்லை. என் நாவல்களில் வரும் கதாநாயகர்கள் பலர் இப்படிச் சுமந்தவர்கள்தாம். சுமந்து, நொடிந்து, வாசகர்களின் கண்ணீரைப் பெற்றவர்கள். அவர்களைப் படைத்தபோது நான் ஒரு நாளும் அந்தச் சுமையை நிறுத்துப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர், அமெரிக்காவில் டென்வர் நகரத்துக்கு வெளியே, என் தங்கைக்குப் பக்கத்து வீட்டில் குடியிருந்த ஒரு பெரியவர்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் தங்கை வீட்டில் இரண்டு மாதம் தங்கியிருந்தேன். ஒரு நாள் காலையில் காப்பிக் கோப்பையோடு வாசலுக்கு வந்தபோது, அந்தப் பெரியவர் தம்முடைய பிக்கப் வண்டியின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, கதவு சாத்தும் இடத்தில் ஒட்டியிருந்த சிறு மஞ்சள் காகிதம் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தார். படிப்பார், கையிலிருந்த நோட்டுப் புத்தகத்தில் ஏதோ எழுதுவார், மறுபடியும் குனிந்து படிப்பார். பரீட்சைத் தாளில் விடை சரியாக வராத பையனைப் போல் இருந்தது அவர் முகம்.

"என்ன கணக்கு?" என்று கேட்டேன்.

"என் மைத்துனியைப் பற்றிய கணக்கு" என்றார்.

அவர் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அவரும் மனைவியும் வருஷத்தில் பாதி நாள் ஊர் சுற்றுகிறவர்கள். அதற்காக ஒரு வீட்டு டிரெய்லர் வைத்திருந்தார்கள். அடுப்பு, கட்டில், குளியலறை எல்லாம் அதற்குள்ளேயே உண்டு. பிக்கப் வண்டி முன்னே இழுக்க, வீடு பின்னே வரும். அந்த ஆண்டு அவர் மனைவியின் தங்கை கணவனை இழந்தாள். பிள்ளைகள் இல்லை. "இனி அவள் எங்களோடுதான் இருப்பாள். எங்கள் பிரயாணத்திலும் கூட வருவாள்" என்று பெரியவரின் மனைவி முடிவு செய்துவிட்டாள். பழைய டிரெய்லரில் படுக்கையறை ஒன்றே ஒன்று. ஆகவே, இரண்டு படுக்கையறை உள்ள பெரிய டிரெய்லராகப் பார்த்து, விலை பேசி, முன்பணம் கொடுக்கும் கட்டத்துக்கு வந்திருந்தார்கள்.

பழையது, புதியது இரண்டும் 'ஐந்தாம் சக்கரம்' என்று அங்கே சொல்லப்படும் வகையைச் சேர்ந்தவை. சாதாரண டிரெய்லரை வண்டியின் பின்புறத்தில் ஓர் இரும்பு உருண்டையில் மாட்டுவார்கள். ஐந்தாம் சக்கர டிரெய்லர் அப்படியில்லை. அதன் முன்பாகம் கழுத்தை நீட்டிக்கொண்டு பிக்கப் வண்டியின் திறந்த தொட்டிக்கு மேல் வந்து உட்காரும். பின் அச்சுக்கு நேர் மேலே, அல்லது சற்றே முன்னால், தொட்டியில் ஒரு தட்டுப் பொருத்தியிருக்கும். டிரெய்லரிலிருந்து கீழே நீளும் 2 அங்குல எஃகு முளை அந்தத் தட்டின் வாயில் போய்ப் பூட்டிக்கொள்ளும். குதிரை வண்டிக் காலத்தில், முன் அச்சு திரும்புவதற்காக வண்டிக்கு அடியில் படுக்கை வசமாக ஒரு வளையம் வைத்திருந்தார்கள். நான்கு சக்கரங்கள் தரையில் உருள, உருளாமல் படுத்துக் கிடந்த அந்த வளையத்துக்கு ஐந்தாம் சக்கரம் என்று பெயர். குதிரை போனாலும் பெயர் போகவில்லை.

இந்த அமைப்பினால் ஓட்டம் நிதானமாக இருக்கும்; பின்வண்டி வாலாட்டாது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. டிரெய்லரின் எடையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு, இழுக்கும் வண்டியின் முதுகிலேயே இறங்கிவிடும். சாதாரண டிரெய்லரில் இது பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் ஏழில் ஒரு பங்கு. ஐந்தாம் சக்கர டிரெய்லரை வண்டி இழுக்கவும் வேண்டும், சுமக்கவும் வேண்டும்.

டிரெய்லர் விற்கிறவர் பெரியவரிடம், "உங்கள் வண்டி இதை இழுக்கும், கவலைப்படாதீர்கள்" என்று சொல்லியிருந்தார். அவர் பொய் சொல்லவில்லை. முக்கால் டன் வண்டி என்று அங்கே பேச்சு வழக்கில் சொல்லும் ரகம் அது. பெயர் பழைய காலத்து அளவு. இன்றைய வண்டிகள் முக்கால் டன்னுக்கு மேலேயே தாங்கும். பெரியவருடையது டீசல் எஞ்சின். 15,000 பவுண்டு வரை இழுக்கும் என்று கையேட்டில் அச்சாகியிருந்தது. புதிய டிரெய்லர் சாமான்கள் ஏற்றிய பிறகு 14,000 பவுண்டு. பார்க்கப்போனால் ஆயிரம் பவுண்டு மிச்சம்கூட இருந்தது.

கதவிலிருந்த மஞ்சள் காகிதம் வேறு விதமாகப் பேசியது. வண்டிக்குள் ஏறும் மனிதர்களும் சுமையும் சேர்ந்து 2,400 பவுண்டைத் தாண்டக் கூடாது என்றது அது. பெரியவர் நோட்டுப் புத்தகத்தை என்னிடம் காட்டினார். அவர் 210. மனைவி 160. மைத்துனி 140. தொட்டியில் பொருத்தும் இணைப்புத் தட்டு 150. கருவிப் பெட்டியும் நாய்க்குட்டியும் 40. ஆக 700. மீதி 1,700. புதிய டிரெய்லர் முதுகில் இறக்கும் பாரமோ, 14,000-இல் ஐந்தில் ஒரு பங்கு: 2,800.

"ஆயிரத்து நூறு பவுண்டு அதிகம்" என்றார். "இழுக்கும். தாங்காது."

அந்த இரண்டு சொற்கள் என் மனத்தில் தைத்துவிட்டன. அன்று முழுவதும் அவரோடு இருந்து அந்தச் சாஸ்திரத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கணக்கு என்றால் காத தூரம் ஓடும் எனக்கு இந்தக் கணக்கு மட்டும் அலுக்கவில்லை.

இழுக்கும் எடையைச் சோதித்துச் சொல்வதற்கு அங்கே வாகனப் பொறியாளர் சங்கம் ஒரு முறை வகுத்திருக்கிறது. 2008-இல் வந்த அந்த விதிக்கு ஜே2807 என்று பெயர். அரிஸோனா மாநிலத்தில், கொலராடோ நதியின் டேவிஸ் அணைக்கு அருகே தொடங்கி மேலேறும் 11 மைல் மலைப்பாதைதான் அதன் உரைகல். கோடைச் சூட்டில், குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருக்க, சொன்ன எடையை இழுத்துக்கொண்டு, பின்னால் ஒற்றைச் சக்கர ஜோடி உள்ள வண்டி மணிக்கு 40 மைலுக்குக் குறையாமல் ஏற வேண்டும். கடுமையான சோதனைதான். ஆனால் அந்தச் சோதனையில் வண்டிக்குள் இருப்பதாகக் கொள்வது ஓட்டுநரையும் ஒரே ஒரு துணையையும். ஆளுக்கு 150 பவுண்டு வீதம். மைத்துனிக்கு அதில் இடமில்லை. விளம்பரத்தில் வரும் பெரிய எண், ஏறக்குறைய வெறும் வண்டியின் எண்.

டிரெய்லரின் எடை விஷயத்திலும் இதே சங்கதி. விற்பவர் சொல்லும் எடை, தொழிற்சாலையிலிருந்து புறப்படும்போது இருக்கும் காலி எடை. அதில் தண்ணீர் இராது. 60 காலன் தண்ணீர் நிரப்பினாலே 500 பவுண்டு. பாத்திரம், போர்வை, வாயு உருளை, மனிதன் எங்கே போனாலும் கூடவே தூக்கிக்கொண்டு போகும் தட்டுமுட்டுச் சாமான் எதுவும் இராது. நாம் வாழ்க்கையில் ஒரு பொறுப்பை ஏற்கும்போதும் பெரும்பாலும் அதன் காலி எடையைப் பார்த்துத்தானே சம்மதிக்கிறோம்? தண்ணீர் நிரப்பிய பிறகு அது எவ்வளவு கனக்கும் என்பது பாதி வழியில்தான் தெரிகிறது.

எனக்கு வியப்பாக இருந்த இன்னொரு செய்தி டீசல் எஞ்சினைப் பற்றியது. இந்த ரகத்து வண்டிகள் பலவற்றில், வண்டியும் சுமையும் சேர்ந்த மொத்த எடைக்கு 10,000 பவுண்டு என்று எல்லை கட்டியிருக்கிறார்கள். டீசல் எஞ்சின் பெட்ரோல் எஞ்சினைவிடச் சில நூறு பவுண்டு கனம். இழுக்கும் சக்தி அதற்கு அதிகம். ஆனால் அதன் கனமே சுமையின் பங்கைத் தின்றுவிடுகிறது. ஆக, அதிகம் இழுக்கக்கூடிய வண்டி குறைவாகவே தாங்கும். மனிதர்களிலும் இந்த ரகம் உண்டு. எந்தக் காரியத்தையும் "நான் ஆச்சு" என்று முன்னால் இழுத்துச் செல்லும் மகா சமர்த்தர்கள், பிறர் பாரம் ஒன்று முதுகில் ஏறியதும் முகம் சுளிப்பதை நாம் பார்த்திருக்கிறோம். அவர்களுடைய சாமர்த்தியமே அவர்களுக்குக் கனமாக இருக்கிறது.

"பின்பக்கம் தாழ்ந்துபோனால் காற்றுப்பை வைத்துக்கொள்ளலாம் என்கிறார்களே?" என்று கேட்டேன். தங்கையின் கணவர் எனக்குச் சொல்லிக் கொடுத்த கேள்வி அது.

பெரியவர் சிரித்தார். "வைக்கலாம். வண்டி நிமிர்ந்து நிற்கும். தெருவில் போகிறவர்கள் பார்த்தால் சுமையே இல்லாதது போல் இருக்கும். ஆனால் அச்சு அதே அச்சு; டயர் அதே டயர்; பிரேக் அதே பிரேக். கதவில் இருக்கும் எண் மாறாது."

அடுத்த வாரம் தங்கை குடும்பத்தோடு மேற்கே மலைப் பிரதேசத்துக்குப் போனேன். டென்வரிலிருந்து போகும் பெருஞ்சாலை, 1973-இல் திறந்த ஐஸன்ஹோவர் சுரங்கத்தின் வழியே மலையைத் துளைத்துச் செல்கிறது. கடல் மட்டத்திலிருந்து 11,000 அடிக்கு மேலே அது. சுரங்கத்தைத் தாண்டியதும் சில்வர்தார்ன் வரையில் இறக்கம். நூறு அடி போனால் ஏழு அடி இறங்கும் சரிவு, சுமார் எட்டு மைலுக்கு. அந்த இறக்கத்தில் பாதையோரத்தில் ஒரு கிளை பிரிந்து மேல்நோக்கி ஏறி, எங்கும் போகாமல் முடிந்துபோவதைக் கண்டேன். முழுக்கச் சரளைக்கல் கொட்டிய பாதை. பிரேக் சூடேறிப் பிடிப்பு விட்டுப்போன வண்டிகள் ஏறிப் புதைந்து நிற்பதற்காகக் கட்டியது என்றார்கள். எங்களுக்கு முன்னும் பின்னும் கார்கள். சில கார்களின் பின் ஜன்னலில் குழந்தைகள் கையாட்டிக்கொண்டிருந்தார்கள். இங்கே வலிமையைச் சோதிப்பது ஏற்றம் அன்று, இறக்கம்தான் என்பது அப்போது எனக்குப் புரிந்தது. ஏற்றத்தில் சக்தி போதாத வண்டி நின்றுவிடும். அவமானம் அதன் சொந்தக்காரருக்கு மட்டும். இறக்கத்தில் சக்தி போதாத வண்டி நிற்காது. அதன் துன்பம் முன்னால் போகிறவர்களுக்கு.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் அந்தச் சரளைக்கல் பாதை இல்லை. ஊரிலிருந்த என் அக்கா மகன்.

அத்தான் இறந்து பதினாறாம் நாள். உறவினர் எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பத்தாவது முடித்திருந்த பையனின் படிப்பைப் பற்றிப் பேச்சு வந்தது. அவனுடைய பெரியப்பா, மளிகைக் கடை வைத்திருந்தவர், "என்னோடு இருக்கட்டும். பாலிடெக்னிக்கில் சேர்த்துவிடுகிறேன்" என்றார். நான்தான் குறுக்கிட்டேன். "என் அக்கா பிள்ளையை நான் படிக்க வைக்கிறேன். சென்னைக்கு அழைத்துப் போகிறேன்" என்றேன். கூடம் முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. அக்கா அழுதாள். பெரியப்பா தலையை ஆட்டிவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார். என் அன்பு பொய்யில்லை. இன்றும் சத்தியம் செய்வேன். ஆனால் அந்த நிமிஷத்தில் என் வருமானம் எப்படி வருகிறது, எந்த மாதம் வராமல் போகிறது, இரண்டு அறை வீட்டில் நாலு பேர் எப்படி இருக்கிறோம் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை. கூடம் என்னைப் பார்த்தது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவ்வளவுதான்.

முதல் ஆண்டு சரியாகப் போயிற்று. இரண்டாம் ஆண்டில் எனக்கு ஒரு தொடர்கதையும் இல்லை. கட்டணம் கட்டும் கடைசி நாள் தாண்டியது. வீட்டில் என் குரல் தடித்தது. ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் அந்தப் பையன் காதில் விழும்படி நான் ஏதோ சொல்லிவிட்டேன். அவன் மறுநாளே ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். பிறகு தானே சம்பாதித்துத் தானே படித்து முடித்தான். இன்று நன்றாக இருக்கிறான். "அதனால் என்ன மாமா" என்பான், நான் பேச்செடுத்தால். ஆனால் அவன் வாழ்க்கையில் ஓர் ஆண்டு போனது போனதுதான். அதைவிட என்னை உறுத்துவது, அவனைத் தாங்கக்கூடிய ஒருவர் அன்று அந்தக் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தார் என்பது. அவருடைய முதுகிலிருந்து பிடுங்கித்தான் நான் என் முதுகில் ஏற்றிக்கொண்டேன்.

இதைத் தங்கையிடம் சொன்னேன். அவள் பெரியவர் கட்சியை ஒப்புக்கொள்ளவில்லை.

"அண்ணா, எடை பார்த்துக்கொண்டிருந்தால் உலகத்தில் யார்தான் யாருக்கு உதவுவார்கள்? அம்மா நம் மூன்று பேரையும் எடை பார்த்தா வளர்த்தாள்?"

நல்ல கேள்வி. சுமையைக் கண்டதும் காகிதத்தையும் பென்சிலையும் எடுக்கிற மனிதனை எனக்கும் பிடிக்காது. "என் சக்திக்கு மீறியது" என்ற வார்த்தை சுயநலத்துக்குப் போர்வையாக எத்தனை வீடுகளில் பயன்படுகிறது! தானாக வந்து விழும் சுமைகளும் உண்டு. நள்ளிரவில் பக்கத்து வீட்டில் நெருப்புப் பிடித்தால் நம் கையின் பலத்தை அளந்துகொண்டிருக்க முடியாது. அப்படி வந்த பாரத்தைத் தூக்கிக்கொண்டு மெல்லப் போக வேண்டியதுதான். வழியில் துணை கேட்க வேண்டியதுதான். ஆனால் நாமே தேர்ந்தெடுத்து, நாள் பார்த்து, பத்துப் பேர் முன்னிலையில் பூட்டிக்கொள்ளும் பாரத்தின் கதை வேறு. அங்கே அளவு பார்க்காமல் இருப்பதற்கு அன்பைக் காரணம் காட்ட முடியாது. நல்ல நோக்கம் எந்தப் பாரத்தையும் ஒரு பவுண்டுகூடக் குறைப்பதில்லை. மைத்துனியின் துயரம் உண்மை. அவளை அழைத்துப் போக வேண்டும் என்ற எண்ணம் உத்தமமானது. அந்த இரண்டும் பின் அச்சுக்குத் தெரியாது.

நம் வள்ளுவர் வலியறிதல் என்று ஒரு தனி அதிகாரமே வைத்திருக்கிறார். மயில் இறகு போன்ற லேசான பொருளாக இருந்தாலும் அளவு மிஞ்சி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று அதில்தான் சொல்கிறார். அரசனுக்குச் சொன்ன பாடம் என்று உரைகாரர்கள் எழுதுவார்கள். அரசனுக்கு மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. கூடத்தில் நிமிர்ந்து உட்காரும் ஒவ்வொரு மனிதனுக்கும் அது பொருந்தும்.

தங்கையின் கேள்விக்கு விடை சொல்ல எனக்கு இரண்டு நாள் பிடித்தது. அம்மா எடை பார்த்தாள். தினந்தோறும் பார்த்தாள். படியைத் தலைதட்டி அளந்து அரிசி போட்டவள் அவள். பானையில் எத்தனை பேருக்கு இருக்கிறது என்பது அவளுக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். குறைந்தால், குறைந்ததைத் தன் பங்கிலிருந்து எடுத்தாள். நான் அக்கா மகன் விஷயத்தில் செய்யாதது அதுதான். என் பங்கில் எதையும் குறைக்காமல் என் பெருமையில் ஒன்றைக் கூட்டிக்கொண்டேன்.

பெரியவர் என்ன செய்தார் என்று கேட்கிறீர்களா? அவருக்கு வழிகள் இருந்தன. ஒரு டன் வண்டி, பின் அச்சில் பக்கத்துக்கு இரண்டு சக்கரமாக நான்கு சக்கரம் உள்ளது, வாங்கியிருந்தால் அந்தப் பாரத்தைச் சுலபமாகத் தாங்கியிருக்கும். அதற்குக் கடன் வாங்க வேண்டும். "கடனுக்கும் ஓர் எடை உண்டு, அதை எந்தக் கதவிலும் ஒட்டுவதில்லை" என்றார். முன்பணம் கொடுக்கவில்லை. பழைய டிரெய்லரையே வைத்துக்கொண்டார். அது எல்லாம் ஏற்றினாலும் 8,000 பவுண்டு. முதுகில் இறங்குவது 1,600. மைத்துனியோடு சேர்த்தும் நூறு பவுண்டு மிச்சம்.

"ஆனால் ஒரு படுக்கையறைதானே?" என்றேன்.

"அது அவளுக்கு" என்றார். "நானும் என் மனைவியும் முன்னறையில், சாய்வு நாற்காலியை மடக்கிக் கட்டிலாக்கிப் படுத்துக்கொள்வோம். என் முழங்காலுக்குத்தான் கொஞ்சம் கஷ்டம்."

நான் ஊருக்குப் புறப்படுவதற்கு முந்திய நாள் அவர்கள் மூவரும் கிளம்பினார்கள். பெரியவர் முளை சரியாகப் பூட்டிக்கொண்டதா என்று கையால் இழுத்துப் பார்த்தார். விளக்குக் கம்பியைச் செருகினார். டிரெய்லரின் பிரேக் பிடிக்கிறதா என்று தெருக்கோடி வரை மெல்ல ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். மைத்துனி பின் ஆசனத்தில் நாய்க்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தில் இன்னும் துக்கம் இருந்தது. ஆனால் அவள் பயமில்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் விமானத்தில் ஏறுவதற்கு முன் அக்கா மகனுக்குத் தொலைபேசியில் பேசினேன். "அன்றைக்கு உன் பெரியப்பா சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும்" என்றேன். அவன் வழக்கம்போல், "அதனால் என்ன மாமா" என்று தொடங்கினான். பிறகு சற்று நேரம் பேசாமல் இருந்தான். "ஆமாம் மாமா" என்றான்.

அந்த "ஆமாம்" எனக்கு ஆறுதலாக இருந்தது.